தோண்டிய பிறகு ஊறும் இனிப்பு

மார்கழி பாதி ஓடியிருந்த ஒரு காலை. அடுத்த வீட்டுப் பெரியவர் எங்கள் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து, சர்க்கரைவள்ளிக் கொடியின் அடியில் விரலை விட்டுத் துழாவி, ஒரு கிழங்கை வெளியே இழுத்தார். இரண்டு கட்டைவிரலைச் சேர்த்து வைத்த பருமன். மண்ணை வேட்டி முனையிலேயே துடைத்தார். கத்தி கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. இரு கையாலும் பிடித்து நடுவில் பட்டென்று உடைத்தார். உடைந்த முகத்தில் ஓரத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பால் துளிர்த்தது. இரண்டு துண்டையும் துவைக்கிற கல்லின் மேல் மல்லாத்தி வைத்துவிட்டு, "இரு தம்பி, வெத்தல போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் அந்த வெள்ளை முகம் மாறிவிட்டிருந்தது. பால் துளிர்த்த இடமெல்லாம் பச்சை கலந்த கறுப்பு. "பாத்தியா, கறுத்துப்போச்சு. இன்னும் பதினஞ்சு நாள் உடு. முத்தின கிழங்குன்னா பால் காஞ்சு வெள்ளையாவே நிக்கும்" என்றார்.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் ஏன் கறுக்கிறதோ, இதுவும் அதே கதைதான். கிழங்கின் பாலிலும் சதையிலும் பீனால் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. பக்கத்து அறையில் பூட்டி வைத்ததுபோல் அவற்றுக்கு அருகிலேயே ஒரு நொதியும் இருக்கிறது. உடைக்கும்போது அறைச் சுவர்கள் நொறுங்கி இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் வந்து சேர்ந்ததும் நிறம் ஏறுகிறது. இளங்கிழங்கில் பீனால் சரக்கு அதிகம், மாவு குறைவு. முற்ற முற்ற மாவு ஏறும், பீனால் இறங்கும். கிழங்குப் பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதிர்ச்சிச் சோதனையும் இதேதான். பெரியவர் கையேடு எதையும் படித்தவரில்லை. நாற்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்தவர். சாயம் ஏறிய நூலை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்த்தே பழகிய கண்.

நாங்கள் இருப்பது ஓரிக்கையில். காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றுப் பக்கம். கல்லாலேயே எழுப்பிய மகா சுவாமிகள் மணிமண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பெயரை அறிந்திருப்பார்கள். ஆற்றங்கரை ஊர் என்பதால் பழைய மனைகளில் இரண்டடி தோண்டினாலே மணல் கலந்த மண் வரும். சர்க்கரைவள்ளிக்கு இதைவிட நல்ல படுக்கை கிடையாது. எங்கள் தோட்டம் என்பது பத்துக்கு எட்டடி. அதிலும் பாதியை வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன.

சர்க்கரைவள்ளியை இரண்டு பட்டங்களில் நடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஒன்று ஜூன், ஜூலை. இன்னொன்று செப்டம்பர், அக்டோபர். ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 105 முதல் 120 நாளில் விளைந்துவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு இன்னும் சுலபம். இந்தப் பக்கம் பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பில் பூசணி, மொச்சை, வாழைக்காயோடு சர்க்கரைவள்ளியும் விழ வேண்டும். போகியிலிருந்து 120 நாளைப் பின்னோக்கி எண்ணினால் புரட்டாசி பிறக்கும் சமயம் வருகிறது. அப்போது நட்டுவிட்டால் சரி. இடையில் வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கிழங்கு நம்மூர்க்காரன் இல்லை. பெயரில் உள்ள 'வள்ளி' உண்மையில் வேறொரு கொடியின் சொத்து. மலைகளில் படரும், வெற்றிலை போல் இலை விடும் வள்ளிக்கொடி ஒருவித்திலைத் தாவரம், யாம் குடும்பம். வள்ளியம்மை பிறந்த கதையில் வேடர்கள் கிழங்கு அகழ்ந்த குழி அதனுடையது. கடல் கடந்து வந்த புதுக்கிழங்கு இனிப்பாக இருந்ததால், தெரிந்த பெயரோடு சர்க்கரையைச் சேர்த்து நம்மவர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு. இலங்கைத் தமிழர்கள் வற்றாளை என்பார்கள். அதில்தான் பழைய தடம் இருக்கிறது. அமெரிக்கத் தீவுவாசிகளின் 'பதாதா' என்ற சொல்லைப் போர்த்துகீசியர் கப்பலில் ஏற்றிவந்து கரையில் இறக்க, அது சிங்களத்தில் பத்தலவாகவும் யாழ்ப்பாணத் தமிழில் வற்றாளையாகவும் தங்கிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் உருளைக்கிழங்குக்கு வைத்த 'பொட்டேட்டோ'வும் இதே சொல்லின் திரிபுதான்.

சீனாவுக்குப் போன கதை இன்னும் சுவாரஸ்யம். 1593-இல் சென் சென்லோங் என்ற வணிகர் பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து புஜியான் மாகாணத்துக்குக் கொடியைக் கடத்தி வந்தார். ஸ்பானியர்கள் வெளியே விடாத கொடியை, கப்பல் கயிற்றோடு கயிறாக முறுக்கி மறைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இன்று உலக விளைச்சலில் பாதிக்கும் மேல் சீனாவில். பசிபிக் தீவுகளில் ஐரோப்பியர் கால் வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இந்தக் கிழங்கு விளைந்திருக்கிறது. அங்கே அதன் பெயர் குமாரா, ஆண்டிஸ் மலை மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல். பாலினேசியர்கள் படகில் போய் எடுத்துவந்தார்களா, விதை கடலில் மிதந்து போனதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெயருக்கும் ஒரு பயணக் கதை உண்டு. கணிகண்ணனை அரசன் நாடு கடத்த, குருவான திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்ப, அவர் சொல்லைத் தட்டாத திருவெஃகாப் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இருக்கை என்பதால் ஓரிருக்கை, அது மருவி ஓரிக்கை. பெருமாள் மறுநாளே திரும்பிவிட்டார். சர்க்கரைவள்ளி வந்தது வந்ததுதான், திரும்பவில்லை.

உருளைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. உருளை கத்தரி, தக்காளி வகையறா, மண்ணுக்குள் பருத்த தண்டு அது. சர்க்கரைவள்ளி பருத்த வேர். குடும்பமும் வேறு. கடற்கரை மணலில் ஊதாப் புனல்களாகப் பூத்துக் கிடக்கும் அடம்பு, ஓடைகளில் படரும் வள்ளைக்கீரை, நம் ஏரிகளை அடைத்துக்கொண்டு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாம் இதன் பங்காளிகள். அபூர்வமாக ஒரு பூ பூத்தால் முகச்சாயல் தெரிந்துவிடும். அந்தக் காட்டாமணக்கைத் தொடர்ந்து தின்ற ஆடு பிழைப்பது கடினம். சர்க்கரைவள்ளியின் இலையையோ தாராளமாகக் கீரையாகக் கடையலாம். பிலிப்பைன்ஸில் கொழுந்தை அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். இங்கே ஏனோ மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம்.

2015-இல் இந்தக் கிழங்கைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகமும் பெருவின் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து 291 பயிர்வகைகளின் மரபணுவைத் துழாவின. பார்த்த ஒவ்வொன்றிலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுத் துண்டு ஒட்டியிருந்தது. நெருங்கிய காட்டு உறவுகளில் அந்தத் துண்டு இல்லை. செடியின் செல்லுக்குள் தன் மரபணுவைச் செருகிவிடும் இந்த பாக்டீரியாவைத்தான் மரபணு மாற்றுப் பயிர் செய்கிறவர்கள் ஆய்வகத்தில் கருவியாக வைத்திருக்கிறார்கள். ஆய்வகம் என்ற ஒன்று வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. இதைக் காட்டி எல்லா மரபணு மாற்றுப் பயிருக்கும் நற்சான்று வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பொங்கல் குழம்பில் மிதப்பது என்னவோ இயற்கையே மரபணு மாற்றிய பயிர்தான்.

நடவுக்கு விதை தேவையில்லை. ஆடி மாதத்தில் ராஜாஜி மார்க்கெட்டில் முனை சிதையாத இரண்டு கிழங்கு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஈர மணலில் பாதி புதைத்தேன். உருளைபோல் இதற்குக் கண் கிடையாது. தாய்க்கொடியோடு ஒட்டியிருந்த முனையில்தான் முளை கூட்டம் கூட்டமாக வரும், வால் பக்கம் சோம்பேறி. ஒரு மாதத்தில் கொடி நீண்டது. நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றினால் முடிந்தது. பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. எங்கள் இடத்துக்குப் பன்னிரண்டு கொடி.

முதல் தடவை நட்டபோது நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த வருஷம் ஆர்வக்கோளாறில் ஆட்டுப்புழுக்கையைக் கொட்டினேன். போதாதென்று யாரோ சொன்னார்கள் என்று கைப்பிடி யூரியாவும். கொடி மதிலேறி, துணி காயும் கம்பியைப் பிடித்து, பெரியவர் வீட்டு முருங்கையைத் தொட்டது. கரும்பச்சை இலை, பார்க்கப் பார்க்கப் பெருமை. பொங்கலுக்குத் தோண்டினால் பென்சில் கனத்தில் வேர்கள். மதில் மேலிருந்து எட்டிப் பார்த்த பெரியவர், "இன்னா தம்பி, கெழங்கு போட்டியா கீரை போட்டியா?" என்றார். அன்று வீட்டில் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தவறு என்ன என்று பிறகு படித்தபோதுதான் விளங்கியது. கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் முளைக்க வேண்டிய இடம் முன்கூட்டியே அமைந்திருக்கிறது. மண்ணில் ஊன்றியதும் வேர்கள் கிளம்புகின்றன. ஆரம்பத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். முதல் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு வேருக்கும் இரண்டு வழி. ஒன்று, வேரின் நடுப்பகுதியில் லிக்னின் படிந்து மரம்போல் இறுகிவிடுவது. இறுகிய வேர் தண்ணீர் உறிஞ்சும், அவ்வளவுதான், பருக்காது. இன்னொன்று, உள்ளே கேம்பியம் என்னும் வளர்திசு வளையம் வளையமாகக் கிளம்பி, மாவு அடைக்கும் செல்களைப் பெருக்கிக்கொண்டே போவது. இதுதான் கிழங்காகும். அந்த வாரங்களில் மண் காய்ந்து கட்டிதட்டினாலோ, தண்ணீர் தேங்கி மூச்சு முட்டினாலோ, தழைச்சத்து அளவுக்கு மீறினாலோ வேர்கள் முதல் வழியில் போய்விடும். ஒரு செடியில் எத்தனை கிழங்கு என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. மிச்ச மாதங்களில் நடப்பது நிரப்பும் வேலை மட்டும்தான்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பாவு புணைச்ச பெறகு எத்தினி இழைன்னு மாத்த முடியுமா? ஊடைதான் ஓட்டலாம்" என்றார். நான் படித்த ஆய்வுச் சுருக்கங்களில் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இரண்டாம் தடவை யூரியாவை மறந்தேன். நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு கூடை, சாம்பல் சத்துக்காக விறகடுப்புச் சாம்பல் இரண்டு கை. கிழங்குக்குள் மாவைக் கொண்டுசேர்க்கும் வேலையில் சாம்பல் சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தழைச்சத்தை இந்தச் செடி ஓரளவு தானே பார்த்துக்கொள்ளும். பயறு வகைகளின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்கள் சர்க்கரைவள்ளியின் உடம்புக்குள்ளேயே குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சத்துக் குறைந்த மண்ணிலும் இது தளதளவென்று ஓடுவதற்கு அது ஒரு காரணம்.

இப்போது மழை. ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சிபுரத்தில் எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. வேர் என்பதும் மூச்சுவிடும் உறுப்பு. கிழங்காகப் பருக்கும் வேருக்கு ஆக்சிஜன் இன்னும் கூடுதலாக வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறினால் அழுகத் தொடங்கிவிடும். அதனால் சமதரையில் நடவே கூடாது. முழங்காலில் பாதி உயரத்துக்குப் பார் அணைத்து, உச்சியில் நட்டேன். இரண்டு பாருக்கும் இடையில் வடிகிற தண்ணீர் துவைக்கிற கல் பக்கம் போகும்படி சின்ன வாய்க்கால். மழையில் பார் கரையக் கரைய மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பல்பட்ட ஒரு வாரத்தில் ஓரத்து மூன்று செடி போனது. ஒன்பது மிச்சம்.

கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிப் போடச் சொல்வார்கள். படர்ந்த கொடி கணுவுக்குக் கணு வேர் இறக்கிவிடும். ஒவ்வொரு வேரும் கொஞ்சம் மாவைச் சுண்டைக்காய்க் கிழங்காகச் சேர்க்கப் பார்க்கும், அடியில் உள்ள கிழங்கின் பங்கு குறையும். பெருமாள் பாயைச் சுருட்டியதுபோல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொடியைச் சுருட்டி பார்மேல் போடுவது என் மகளின் வேலை.

மழையைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. எறும்பு என்றே நினைத்து விட்டுவிடுவீர்கள். நீலக்கறுப்பு முதுகு, செங்கல் நிற நடுவுடல், முன்னால் நீண்ட மூக்கு, நீளம் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு. உலகில் இந்தப் பயிர் விளையும் வெப்பநாடுகளில் இது இல்லாத இடம் குறைவு. பெண் வண்டு கொடியின் அடித்தண்டிலோ கிழங்கிலோ ஒரு குழி கடித்து, ஒரு முட்டை இட்டு, தன் எச்சத்தாலேயே வாயை மூடிவிடும். புழு உள்ளே சுரங்கம் வெட்டும். இந்த வண்டின் பலவீனம், அதற்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை அடைய முடியும். மழை விட்டுப் பார் காய்ந்து விரிசல் காணும் மார்கழியில்தான் ஆபத்து. பார்மேல் மண்ணைக் கூட்டி, லேசாக நீர் தெளித்து, வெடிப்பை அடைத்துவிட்டால் வாசலை மூடியதுபோல.

ஆண் வண்டை ஏமாற்றவும் வழி உண்டு. பெண் வண்டு விடும் வாசனையை 1980-களில் வேதியியல்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்து ஒரு ரப்பர் துண்டில் ஊறவைத்துப் பொறியில் தொங்கவிட்டால், ஆண் வண்டுகள் மொய்த்துக்கொண்டு வந்து மாட்டும். தோட்டம் சின்னதென்றால் ஒரு பொறி போதும்.

வண்டோ பூஞ்சையோ தாக்கிய கிழங்கு கசக்கும். அந்தக் கசப்பு வண்டினுடையது இல்லை, கிழங்கே தற்காப்புக்குச் சுரக்கும் சேர்மங்கள். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம் என்று பார்க்காதீர்கள். வேகவைத்தாலும் கசப்பு போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், இதுதான் முக்கியம். பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகள் நுரையீரல் வீங்கி மூச்சுத் திணறி இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

இலையைப் புழு கடித்தாலும் இந்தச் செடி சும்மா இருப்பதில்லை. தைவானில் வளர்க்கும் தைனோங் 57 என்ற ரகத்தை வைத்து ஜெர்மனி, தைவான் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கடிபட்ட இலை ஒரு வாசனையை விடுகிறது. அந்த வாசனை எட்டிய மற்ற இலைகளும் பக்கத்துச் செடியும், இன்னும் கடி வாங்காமலே, ஸ்போரமின் என்ற புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. புழுவின் வயிற்றில் புரதச் செரிமானத்தைத் தடுப்பது அதன் வேலை. கிழங்கிலும் புரதத்தில் பெரும்பங்கு இதுதான். பச்சையாகக் கடித்துத் தின்ற பிள்ளைகளுக்கு வயிறு உப்புவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெந்தால் ஸ்போரமின் செயலிழந்துவிடும்.

பெருச்சாளிக்கு மட்டும் எந்த ஆய்வும் உதவவில்லை. ஓர் இரவில் ஒரு செடியின் அடி முழுக்கக் காலி. பெரியவர் கண்ணாடிச் சில்லைப் பாரைச் சுற்றிப் புதைக்கச் சொன்னார். வீட்டில் குழந்தை விளையாடும் இடம், நான் செய்யவில்லை. எட்டுச் செடி.

போகியன்று காலை தெருவில் புகை அடங்கியதும் தோண்ட இறங்கினோம். முதல் நாளே லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கியிருந்தேன். கொடியை அறுத்து ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியை எடுத்த என்னைப் பெரியவர் தடுத்தார். ஒரு சாண் தள்ளி கடப்பாரையை இறக்கி மண்ணை நெம்பிவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே பறிக்கச் சொன்னார். புதுக்கிழங்கின் தோல் நகம் பட்டாலே உரியும். எட்டுச் செடியில் மூன்றரைக் கிலோ. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அறுபது ரூபாய்க்கு வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் இல்லை.

மறுநாள் பொங்கல் குழம்பில் அரைக்கிலோ போட்டோம். சுமார்தான். மாவு மாவாக, மண் வாசனையோடு, இனிப்பு என்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு. எங்கள் கைராசி இவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். "மிச்சத்த சாக்குல போட்டு வெய்யி. கழுவாத" என்றார் பெரியவர்.

கழுவாமல் சாக்கில் போட்டு வைப்பதற்கு விஞ்ஞானத்தில் பதப்படுத்தல் என்று பெயர். 29 முதல் 32 டிகிரி வெப்பம், 85 முதல் 90 சதவீத ஈரப்பதம், நான்கிலிருந்து ஏழு நாள். அந்தச் சூழலில் தோல் உரிந்த இடத்தின் அடியில் செல்கள் சூபரின் என்னும் தக்கைப் பொருளைப் படியவைத்து, புதுத் தோலை நெய்துகொள்கின்றன. புண் ஆறிய கிழங்கு மாதக்கணக்கில் கெடாது. இடையில் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகவும் மாறும். குளிர்நாடுகளில் இதற்குத் தனி அறை கட்டிச் சூடேற்றுகிறார்கள். தை மாதத்து ஓரிக்கையில் பகலில் அந்தச் சூடு கிட்டத்தட்ட இருக்கும், இரவில் இறங்கிவிடும். அதனால் ஒரு வாரத்துக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்தோம். வெந்நீர் அடுப்புப் பக்கத்துச் சுவரோரம், சாக்கின்மேல் இன்னொரு சாக்கு. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கின் செல்சவ்வுகள் கெட்டு, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் கல்லாக நிற்கும்.

இனிப்பின் பெரும்பகுதி பிறப்பது அடுப்பில். சர்க்கரைவள்ளியில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி ஏராளம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சரம். இந்த நொதி சரத்தின் முனையிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கத்தரித்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. பச்சைக் கிழங்கில் மாவு இறுகிய மணிகளாக இருப்பதால் நொதியின் கத்தரி உள்ளே நுழையாது. சூடு 65, 70 டிகிரியைத் தொடும்போது மாவு மணி ஊதி இளகுகிறது. அப்போது கத்தரிக்குக் கொண்டாட்டம். 80 டிகிரியைத் தாண்டினால் நொதியே வெந்துவிடும். ஆக, இந்த இடைப்பட்ட சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு. பிரஷர் குக்கர் அந்த இடைவெளியை ஓரிரு நிமிஷத்தில் தாண்டிப் போய்விடும். நீறு பூத்த தணலில் புதைத்த கிழங்கு அதற்குள் நிதானமாக உலாவிவிட்டு வரும். பொங்கல் குழம்பில் கொதிக்கிற புளித்தண்ணீரில் துண்டு துண்டாக விழுந்த கிழங்கு ஏன் இனிக்கவில்லை என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் இந்த வேதியியலைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஜமைக்காவில் பத்து ரகங்களை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், அவித்த கிழங்கின் சர்க்கரை உயர்த்தும் குறியீடு 41-லிருந்து 50 வரை. சுட்டதும் அடுமனையில் வேகவைத்ததும் 80, 90 என்று எகிறின. கிழங்கு ஒன்றேதான், அடுப்புதான் வேறு.

இந்தத் தடவை எங்கள் தோட்டத்தில் விளைந்தது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை. அடுத்த வருஷத்துக்கு வேறு யோசனை இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-லிருந்து இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூ சோனா என்ற ரகத்தின் சதை காரட் நிறம். 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சாதாரண ரகங்களில் இருப்பதைப்போல் பல மடங்கு. பூ கிருஷ்ணா என்பது நாவல்பழ ஊதா, அதில் ஆந்தோசயனின் நிறமி. ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண்பார்வை போவதைத் தடுக்க ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியைப் பரப்பியதற்காக மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும் 2016-இன் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கூடவே கொஞ்சம் தேங்காய்த் துருவலோ நெய்யோ இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அவித்த கிழங்கின்மேல் தேங்காய்ப்பூவைத் தூவிக் கொடுத்த ஆயாக்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

தை பிறந்து பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், வெந்நீர் அடுப்பின் தணலை ஒதுக்கி, சாக்கிலிருந்து நான்கு கிழங்கை எடுத்துச் சாம்பலுக்குள் புதைத்தோம். அரைமணி நேரம் கழித்துக் குச்சியால் புரட்டியபோது தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து, கறுத்து, பிசுபிசுத்திருந்தது. பெரியவர் ஒன்றை வாங்கி, கைமாற்றிக் கைமாற்றி ஊதி, பிட்டு வாயில் போட்டார்.

"இது நல்லா கீது தம்பி. எங்க வாங்கின? பொங்கக் கொழம்புல போட்டியே, அந்தக் கெழங்கு சப்புன்னு இருந்துச்சு."

சாக்கைக் காட்டினேன்.